குட்டியைக் காட்டுகிறார்கள், தாயைக் காட்டுவார்களா?



"45 நாள் குட்டி. பியூர் பிரீட். ஆக்டிவ், ஹெல்தி. இன்று புக் செய்தால் நாளை வீட்டுக்கே டெலிவரி." ஸ்மார்ட்ஃபோன் வைத்திருப்பவர்களில் இந்த மாதிரி ஒரு விளம்பரம் கண்ணில் படாதவர்கள் குறைவு. கூடவே ஒரு படம் இருக்கும். வெள்ளைத் துண்டின் மேல் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவ்வளவுதான், "வாங்கிக் குடு"ன்னு அன்றைக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

குடிமக்கள் சேவை பற்றிப் பேசுகிற இடத்தில் நாய்க்குட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த விளம்பரத்தின் முதல் இரண்டு சொற்களைப் பாருங்கள். "45 நாள்." 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 8 வாரம் என்றால் 56 நாள். இப்போது பெயரை எழுதிக்கொள்கிறோம், 56 நாள் ஆனதும் வந்து எடுத்துக்கோங்க என்று ஒருவர் சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால் "நாளை டெலிவரி" என்கிறவர் விதிமீறலை ஒளித்துக்கூட வைக்கவில்லை. விளம்பரத்தின் தலைப்பிலேயே போட்டு விற்கிறார். வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது என்கிற தைரியம்தான். அந்த தைரியத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

சரி, 45-க்கும் 56-க்கும் 11 நாள்தானே வித்தியாசம், இதில் என்ன குடி முழுகிவிடும்?

முதல் விஷயம், நோய். பிறந்த குட்டிக்கு ஆரம்ப நாட்களில் பாதுகாப்பு தருவது தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி. அது வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாயின் சக்தி குறைந்து, ஊசியின் சக்தி இன்னும் முழுதாக வராத அந்த இடைவெளியில்தான் பார்வோ என்கிற வைரஸ் புகுந்துவிடும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, இரண்டு மூன்று நாளில் குட்டி துவண்டுவிடும். கிருமி உடம்புக்குள் போனதிலிருந்து நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் இடத்தில் குட்டி துள்ளிக் குதிக்கும், உங்கள் வீட்டுக்கு வந்து நாலாம் நாள் படுத்துவிடும். விற்றவர், "எங்ககிட்ட இருந்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க என்ன குடுத்தீங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இப்படித்தான் ஆனது. பெண்ணின் பிறந்தநாளுக்காக ஆன்லைனில் பார்த்து ஒரு குட்டி வாங்கினார். ஆறாம் நாள் அது இல்லை. ஒரு வாரம்கூட இல்லாத உறவுதான், ஆனால் அந்தப் பிள்ளை பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். "ஊசி போட்ட கார்டு எல்லாம் குடுத்தாங்களேப்பா" என்று அந்தக் கார்டை என்னிடம் காட்டினார். தேதி எழுதியிருந்தது. ஒரு கிறுக்கல் கையெழுத்து இருந்தது. ஆனால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. கடையில் கிடைக்கும் வெற்றுக் கார்டை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். அடுத்த முறை யாராவது உங்களிடம் கார்டு நீட்டினால், முதலில் ஸ்டிக்கரையும் முத்திரையையும் தேடுங்கள்.

இரண்டாவது விஷயம், குணம். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும். தாயிடம் அழுத்திக் கடித்தால் அது உறுமும். எவ்வளவு கடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று நாய் படிக்கும் பள்ளிக்கூடம் அதுதான். அந்தப் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தூக்கிவந்தால், மீதியை உங்கள் கையிலும் பிள்ளையின் காலிலும் படிக்கும். "இந்த நாய் சரியில்லை, கடிக்குது" என்று பிறகு தெருவில் விடப்படுகிற நாய்களில் இப்படி அவசரமாகப் பிரிக்கப்பட்டவையும் உண்டு.

இவ்வளவும் குட்டியைப் பற்றி. ஆனால் நான் உண்மையில் பேச வந்தது படத்தில் இல்லாத இன்னொருத்தியைப் பற்றி. அந்தக் குட்டியின் தாய்.

பப்பி மில் என்று ஒரு சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மில் என்றால் நமக்கு மாவு மில்லோ பஞ்சு மில்லோதான் நினைவுக்கு வரும். இங்கேயும் கணக்கு அதேதான், மெஷின் நிற்கக் கூடாது. மெஷின் இங்கே ஒரு பெண் நாய். நாய்க்குக் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். விதி என்ன சொல்கிறது? 18 மாதம் நிறையாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் மொத்தம் 5 ஈத்து. 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. அதற்கு முன் அந்த நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். இந்த விதியை மதிக்கிற ஒருவரிடம் ஒரு பெண் நாய் 5 ஈத்து போட்டு முடிக்க அதற்கு ஐந்தரை வயதாவது ஆகிவிடும். மில் நடத்துகிறவரோ 8 மாதத்திலேயே தொடங்கி, ஒவ்வொரு பருவத்துக்கும் இணை சேர்த்து, மூன்று வயதுக்குள் அதே ஐந்தை முடித்துவிடுவார். முடித்துவிட்டு நிறுத்தவும் மாட்டார்.

இதற்குப் பெரிய ஷெட் எல்லாம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் நாலு கூண்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு இன்ஸ்டா பக்கம் போதும். கூண்டுக்குள் அந்த நாய் நின்ற இடத்திலேயே சாப்பிட்டு, அங்கேயே மலம் கழித்து, அங்கேயே குட்டி போடும். வாங்க வருகிறவர்கள் அந்த மாடியைப் பார்ப்பதில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க சார், அங்கேயே குடுத்துடறேன்" என்று அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கும் அலைச்சல் மிச்சம்!

இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினையை ஒரே கேள்வியில் பிடித்தார்கள். தாய் எங்கே? 2013-இல் வேல்ஸ் பகுதியில் ஒரு நாய்ப் பண்ணையிலிருந்து லூசி என்ற ஸ்பானியல் வகைப் பெண் நாய் மீட்கப்பட்டது. திரும்பத் திரும்பக் குட்டி போட வைத்ததில் அதன் இடுப்பெலும்புகள் ஒட்டிப்போய், முதுகு வளைந்திருந்தது. அதன் பெயரில் நடந்த பிரசாரத்தின் முடிவில் 2020 ஏப்ரலில் அங்கே சட்டம் வந்தது. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கடைக்காரரோ இடைத்தரகரோ விற்க முடியாது. குட்டி வேண்டுமென்றால், அது பிறந்த இடத்துக்கே போய், தாயோடு இருக்கும்போது பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பகத்தில் தத்தெடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த சட்டம் இது. எளிமையானது, வாங்குகிறவரே சரிபார்க்கக்கூடியது.

நம்மிடம் அந்த அளவுக்கு நேரடியான தடை இல்லை. ஆனால் நம்மிடம் சட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் நம் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர், தொடக்கத்தில் அதன் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு பழைய சங்கடம் உண்டு. வதை செய்ததாக முதல் முறை நிரூபணமானால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். 1960-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்றைக்கு அந்தத் தொகையில் குட்டியின் கழுத்துக்கு ஒரு நல்ல பட்டைகூட வாங்க முடியாது. அதனால்தான் பிறகு வந்த விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம் என்கிறேன். சட்ட ஆணையம் 2015-இல் தன் 261-ஆவது அறிக்கையில் வளர்ப்புப் பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத்தையும் ஒழுங்குபடுத்தச் சொன்னது. 2017-இல் இனப்பெருக்க விதிகள், 2018-இல் செல்லப்பிராணிக் கடை விதிகள் வந்தன. இரண்டிலுமே மையமான விஷயம் பதிவு. நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவரும், கடை வைத்திருப்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்பவருக்கான பதிவு இரண்டு ஆண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "தமிழ்நாடு விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கா? சான்றிதழைப் பார்க்கலாமா? எப்போ வரைக்கும் செல்லும்?"

"கேசிஐ பேப்பர் இருக்கு சார்" என்று பதில் வரலாம். குழம்பாதீர்கள். கேசிஐ என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப். அவர்கள் தரும் சான்று குட்டியின் அப்பா அம்மா யார், என்ன இனம் என்று சொல்லும் வம்சாவளிப் பத்திரம். நல்ல விஷயம்தான். ஆனால் அது அரசுப் பதிவு ஆகாது, குட்டி ஆரோக்கியமானது என்பதற்கான உத்தரவாதமும் ஆகாது. ஜாதகம் கையில் இருப்பதால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நாய் வளர்த்து விற்கிற எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து ஏசுவது இப்போது சமூக ஊடகங்களில் பழக்கமாகிவிட்டது. நல்ல வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பது ஒருவகையில் சுலபம். அவர்கள் உங்களைத்தான் விசாரிப்பார்கள். வீடு சொந்தமா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக் குடைவார்கள். பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கும். வருடம் முழுக்க அவர்களிடம் குட்டி ஸ்டாக் இருக்காது. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். தாயைக் காட்டுவார்கள், அது எங்கே படுக்கிறது என்றும் காட்டுவார்கள். ரசீது, தடுப்பூசி விவரம், மைக்ரோசிப் எண் எல்லாம் கேட்காமலே கொடுப்பார்கள். உங்களால் வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயாராக இல்லாதவரிடம் நான் ஒரு குட்டியும் வாங்க மாட்டேன்.

நம் ஊரில் இது புதிய பழக்கமும் இல்லை. கன்னி நாய்களை விலைக்கு விற்க மாட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்த வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள் என்று தென்மாவட்டங்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நமக்கென்று நான்கு இனங்கள் இருக்கின்றன. 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வந்தது. இந்த இனங்களைக் காக்க 1980-களின் தொடக்கத்திலேயே சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு அமைக்கப்பட்டது. பொறுப்பான வளர்ப்பாளர்களே இல்லாமல் போனால் இந்த இனங்களும் இல்லாமல் போகும். "யாரும் வாங்கவே கூடாது" என்கிற கோஷத்தோடு நான் முழுதாக உடன்படாததற்கு இது ஒரு காரணம்.

அதே சமயம், "நாட்டு இனம்தானே, அதில் மோசடி இருக்காது" என்றும் நினைக்காதீர்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு நாய்கள் மேல் ஆர்வம் கூடியது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் மனதின் குரல் வானொலி உரையிலும் நம் இனங்களின் பெயர்கள் வந்தன. தேவை கூடினால் மில்லும் கூடவே வரும். ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை தெரிந்த பிரச்சினை. வெள்ளைத் தோலுக்கும் மூக்கின் இளஞ்சிவப்புக்கும் ஆசைப்பட்டு நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் அது இன்னும் மோசமாகும். வாங்கும் முன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், காது திரும்புகிறதா என்று. சிப்பிப்பாறை வெட்டவெளியில் முயல் துரத்திய நாய். அதை இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் பூட்டிவைத்து, "சோஃபாவைக் கிழிக்குது" என்று புகார் சொல்வதில் அர்த்தமில்லை.

வெளிநாட்டு இனங்களின் கதை உங்களுக்கே தெரியும். 2003-இல் ஒரு செல்ஃபோன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஒரு பக் நாய் நடந்தது. அதன் பிறகு எத்தனை வீடுகளில் பக் வந்தது! அந்தத் தட்டை மூக்குதான் அதன் அழகு என்று நாம் நினைக்கிறோம். அதே மூக்கால்தான் அது மூச்சுக்குத் திணறுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூச்சுப்பாதையே குறுகலாக இருக்கும் நாய்க்கு வேலூர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஹஸ்கிக்கு 24 மணி நேர ஏசி போடுகிறேன் என்கிறவர்களைப் பார்த்தால், மின்வாரியத்துக்கு நல்ல வாடிக்கையாளர் என்று மட்டும்தான் சொல்லத் தோன்றுகிறது.

இப்போது தத்தெடுப்பு. என்னைக் கேட்டால், முதல் முறையாக நாய் வளர்க்க நினைக்கிற பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான இடம். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் தெரு நாட்டு நாய் இந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு. கலப்பு அதிகம் என்பதால், நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ப்பதால் வரும் பரம்பரை நோய்கள் பொதுவாகக் குறைவு. வளர்ந்த நாயை எடுத்தால் இன்னொரு லாபம், அதன் உயரம், குணம், பிள்ளைகளோடு எப்படி இருக்கும் என்பதெல்லாம் முதல் நாளே தெரியும். குட்டியில் அது லாட்டரிதான்.

சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் முதல் மாவட்டங்களில் உள்ள சின்னச் சின்னக் காப்பகங்கள் வரை தத்து கொடுக்கிறார்கள். அங்கே போனால் இரண்டு காட்சி கண்ணில் படும். ஒன்று, பெண் குட்டிகள் தேங்கி நிற்கும். வருகிறவர்களில் பலர் "ஆண் குட்டி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பெண் குட்டி வேண்டாம் என்பதற்குச் சொல்லும் ஒரே காரணம், அது குட்டி போடும் என்பது. கருத்தடை அறுவை சிகிச்சை ஒன்றோடு அந்தக் கவலை முடிந்தது. மற்றொன்று, ஓரத்தில் மடி தொங்கிப்போய், ரோமம் உதிர்ந்து நிற்கிற லாப்ரடாரோ பக்கோ இருக்கலாம். விலை உயர்ந்த நாய் எப்படித் தெருவுக்கு வந்தது என்று ஆச்சரியப்படாதீர்கள். இனி குட்டி போடாது என்று இறக்கிவிடப்பட்ட தாய் அதுவாக இருக்கலாம். உங்கள் ஃபோனில் வந்த படத்தில் இல்லாதவள் அவள்தான். அவளையும் தத்தெடுக்கலாம்.

தத்தெடுப்பு எல்லாருக்கும் இனிப்பாக மட்டும் இருக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. மீட்கப்பட்ட நாய் முதல் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், சாப்பிடாது. துடைப்பத்தைக் கண்டால் நடுங்கும். யாரோ ஒருவர் அதை அதனால் அடித்திருப்பார். வீட்டு நேரமும் ஆட்களும் பழகச் சில வாரம், இது தன் வீடுதான் என்று நம்பச் சில மாதம் ஆகும். உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். காப்பகத்தில் அடையாள அட்டை கேட்பார்கள், வீட்டைப் பார்க்க வருவார்கள், கருத்தடைக்குக் கையெழுத்து வாங்குவார்கள். "இலவசமா குடுக்கிற நாய்க்கு இவ்வளவு கேள்வியா?" என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நல்ல வளர்ப்பாளரும் நல்ல காப்பகமும் ஒன்றாக இருக்கும் இடம் இதுதான், இரண்டு பேரும் கேள்வி கேட்பார்கள். கேள்வியே கேட்காமல் க்யூஆர் கோடை நீட்டுகிறவர்தான் மில்காரர். அதனால் "வாங்குவதா, தத்தெடுப்பதா" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதில் பாதி சக்தி வீணாகிறது. அந்தச் சண்டை நடக்கும்போது மாடிக் கூண்டில் இருப்பவருக்கு வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது.

தெருவிலிருந்து நேரடியாக ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லி தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், விருப்பம் உள்ளவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றது. தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சேர்த்தே சொன்னது. அந்த எண்ணம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

இனி ஃபோன் விஷயத்துக்கு வருவோம். குட்டி விற்பனையில் இரண்டு வகை ஆன்லைன் ஏமாற்று நடக்கிறது. ஒன்று, மில் குட்டியை நல்ல குட்டி என்று விற்பது. மற்றொன்றில் குட்டியே கிடையாது. இணையத்தில் எடுத்த படம், நம்ப முடியாத குறைந்த விலை. அட்வான்ஸ் அனுப்பியதும் "பார்சல் சார்ஜ்", "கூண்டு டெபாசிட்", "இன்சூரன்ஸ், திருப்பிக் கொடுத்துடுவோம்" என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாம் சின்னத் தொகைகள். குட்டி விமான நிலையத்தில் பட்டினியாக நிற்கிறது என்று சொல்லி உங்கள் இரக்கத்தையே பிடித்து இழுப்பார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வீடியோ கால் கேளுங்கள். "தாயோட சேர்த்து, இப்பவே, லைவ்ல காட்டுங்க" என்று சொல்லுங்கள். நல்லவர் உடனே காட்டுவார். மற்றவரிடம் அன்றைக்குப் பார்த்து நெட் சரியாக இருக்காது. நேரில் போனால் வாயையும் திறந்து பாருங்கள். 8 வாரம் ஆன குட்டிக்குப் பொதுவாக 28 பால் பற்களும் வந்திருக்கும்.

வெளியூரிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ அனுப்புகிறேன் என்றால், பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவரின் சான்று அதனுடன் வர வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் கேட்பது அது.

நாய் வீட்டுக்கு வந்தபின் உங்கள் பங்கு ஆரம்பிக்கிறது. பெருநகர சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் படம், நாயின் படம், முகவரிச் சான்று, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசிப்பும் 2025-இல் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. சிப் என்றதும் ஜிபிஎஸ் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. அரிசி அளவில் தோலுக்கு அடியில் இருக்கும் 15 இலக்க எண், அவ்வளவுதான். ஸ்கேனர் வைத்துப் படித்தால் யாருடைய நாய் என்று தெரியும். தொலைந்த நாயை வீடு சேர்க்க உதவும். தெருவில் இறக்கிவிட்டவர் யார் என்பதையும் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற ஊர்களில் உள்ளவர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நோயோ காயமோ ஏற்பட்டு அருகில் டாக்டர் இல்லையென்றால் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். திருப்பிக் கொடுத்தால் அது அடுத்த வீட்டுக்கு விற்கப்படும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்க்கும் வயது, எடை, நோய் அறிகுறி எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கார்டில் உள்ள ஊசிகளை நம்பாமல் அவர் சொல்லும் அட்டவணையில் புதிதாகத் தொடங்குங்கள். தடுப்பூசி முடியும் வரை தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிட வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பார்வோவில் குட்டி இறந்துபோன வீடு என்றால், தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, அடுத்த குட்டியைக் கொண்டுவரும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

புகார் என்றால் இரண்டு வழி. ஏமாற்றி விற்றதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. கூண்டில் அடைத்து இனப்பெருக்கம் நடக்கும் இடம் தெரிந்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும், கால்நடை பராமரிப்புத் துறை மாவட்ட அலுவலகத்திலும், மாநில விலங்குகள் நல வாரியத்திலும் எழுத்து மூலம் கொடுக்கலாம். விளம்பரம், பணம் அனுப்பிய விவரம், பேசிய வாட்ஸ்அப் உரையாடல், அவர் சொன்ன இடம், குட்டியைப் பெற்ற தேதி ஆகியவற்றைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேருங்கள். கோபத்தில் முதலில் அவர் நம்பரை பிளாக் செய்துவிடாதீர்கள். பக்கத்தில் போய்த் திட்டி கமெண்ட் போட்டால் அவர் உங்களை பிளாக் செய்துவிட்டு, விளம்பரத்தையும் அழித்துவிடுவார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொரு ஃபோனுக்கும் அனுப்பி வைத்துவிட்டு, அதன் பிறகு புகார் கொடுங்கள்.